ஏப்ரல் 15

கலூரில் செவ்வாய்க்கிழமை என்றால் புனித அந்தோணியார் திருத்தலத்தின் நொவேனா நாள். விடியற்காலையிலேயே மெழுகுவத்தி விற்போர் சாலையோரம் அமர்ந்துவிடுவர். பேருந்து நிலையத்திலிருந்தும் மெட்ரோ நிலையத்திலிருந்தும் வரும் கூட்டம் இரவுவரை ஓயாது. 2025ஆம் ஆண்டின் ஏப்ரல் 15 செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. திருத்தலத்துக்குப் பின்னால், இரண்டு சந்து தள்ளி, ஒரு தேய்ப்புக் கடையின் மாடியறையில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு மின்னஞ்சல்களை எழுதி, எதையும் அனுப்பாமல் அமர்ந்திருந்தாள். ஒன்று ஒப்புதல், மற்றொன்று மறுப்பு. முகவரிகளை மாற்றிப் போட்டால் இரண்டும் இடம் மாறிவிடும். அந்த அளவுக்கு ஒரே வாசகத்தில் எழுதப்பட்டிருந்தன.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் அந்தத் தேதியை அறிவர். நிதியுதவியுடன் கூடிய அனுமதிக்கு ஏப்ரல் 15க்கு முன்னர் மாணவரை விடையளிக்கும்படி நெருக்குவதில்லை என்று அந்நாட்டின் பல பட்டமேற்படிப்புப் பள்ளிகள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டுள்ளன. மாணவருக்கு ஆற அமர எண்ண இடம் தருவதற்காக வந்த ஏற்பாடு அது. நடைமுறையில் அது ஒரு தூக்குக்கயிறு நாளாக மாறிவிட்டது என்பதை அவ்வழியே சென்ற எவரும் மறுக்கமாட்டார்.

அவளிடம் இருந்தவை இரண்டு கடிதங்கள். ஒன்று, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்து வந்தது. வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு இடம். ஆய்வு உதவியாளர் பணி. கல்விக் கட்டண விலக்கு. முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்கள், பின்னர் தகுதித் தேர்வு, அதன் பின்னரே ஆய்வேடு. மொத்தம் ஐந்தாண்டுக்குக் குறையாது. மற்றொன்று ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே அவள் மாணவி அல்லள், பணியாளர். அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் நிலையில் 65 விழுக்காட்டுப் பணி, மூன்றாண்டு ஒப்பந்தம், ஓய்வூதியக் கழிவும் மருத்துவக் காப்பீடும் ஊதியத்திலேயே அடங்கும், பாடங்கள் ஏறக்குறைய இல்லை, முதல் நாளிலிருந்தே திட்ட வேலை. வெளியிலிருந்து பார்ப்போர் இவ்விரண்டையும் 'வெளிநாட்டில் பிஎச்.டி.' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். இரண்டும் உண்மையில் இருவேறு வாழ்க்கைகள். ஒன்றில் ஐந்தாண்டு மாணவப் பருவம் நீள்கிறது. மற்றொன்றில் அது சேர்ந்த நாளிலேயே முடிந்துவிடுகிறது.

கலூர்–கடவந்திரா சாலை நெடுகிலும் எம்.ஜி. சாலையிலும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களின் பலகைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு அவளும் ஒருநாள் சென்றாள். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் இரு பல்கலைக்கழகங்களின் உலகத் தரவரிசையைத் திரையில் காட்டினார். ஒப்பீடு அத்துடன் முடிந்தது. மூன்றாம் ஆண்டின் ஊதியத்தை யார் தருவார், நெறியாளரிடம் இதற்கு முன் எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் இடையில் விட்டனர் என்று அவள் கேட்டவற்றுக்கு அவரிடம் விடையில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. முதுகலைக்குக் கட்டணம் செலுத்திச் செல்வோருக்காக இயங்கும் கடை அது. கட்டணம் செலுத்தாமல் செல்பவரால் அவர்களுக்கு ஒரு வருவாயும் இல்லை.

அவள் குடும்பம் கலூருக்கு வந்தது அவள் பிறப்பதற்குச் சற்று முன்னர். பாட்டி இன்றும் கடலுக்கு அப்புறம், ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் இருக்கிறார். மட்டாஞ்சேரியையும் ஃபோர்ட் கொச்சியையும் சுற்றுலாவாகக் காண வருவோர் தவறாமல் எட்டிப்பார்க்கும் தோபி கானா அங்குதான் உள்ளது. தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னர் வந்த வண்ணார் குடும்பங்கள் அங்கே இன்றும் கைகளால் துணி துவைக்கின்றன, கஞ்சி போடுகின்றன, முறுக்கிய இரட்டைக் கயிற்றுப் புரிகளுக்கு இடையே துணி முனையைச் செருகி, ஒரு கவ்வியும் இல்லாமல் உலர்த்துகின்றன. அவள் தந்தை அங்கே கற்ற தொழிலைக் கலூருக்குக் கொண்டுவந்தார். துவைப்பதை விட்டுத் தேய்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கணக்கு எழுதுவது ஆங்கில இலக்கத்தில்.

துணி உலர்த்தி வாழும் குடும்பத்துக்கு வானிலை என்பது செய்தியன்று, வருமானம். பாட்டி மேற்கே கடல்மேல் எழும் மேகத்தின் அடிநிறத்தைப் பார்த்து, கொடியிலுள்ளவற்றை எடுக்கலாமா விடலாமா என்று சொல்வார். பத்தில் எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கு விளக்கம் கேட்டதில்தான் அவள் படிப்பு தொடங்கிற்று என்று அவள் தன் நோக்கவுரையில் எழுதியிருந்தாள். நோக்கவுரைகளில் இத்தகைய வரிகள் மிகுதி. பெரும்பாலானவை எழுத்து மேசையில் பிறந்தவை. இது உண்மையானது என்பது பாட்டியைக் கண்டவர்க்குத் தெரியும்.

2018 ஆகஸ்டில் அவள் பள்ளி மாணவி. அம்மாதத்தின் முதல் 19 நாள்களில் கேரளத்தில் பெய்த மழை இயல்பைவிட 164 விழுக்காடு கூடுதல் என மத்திய நீர் ஆணையம் பின்னர் கணக்கிட்டது. பெரியாறு ஆலுவாவில் கரை மீறியது; நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டது. கடையில் தேய்த்து அடுக்கிய துணிகளுக்கு உரியவர்கள் முகாம்களில் இருந்தனர். தந்தை ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து, முகாம் முகாமாகச் சென்று கொடுத்தார். சிலர் அதை வாங்கும்போது அழுததாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் மிஞ்சிய நல்ல உடை அதுவாகவே இருந்திருக்கும்.

பின்னர் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் முதுகலை. வகுப்புகள் ஏரிக்கரை வளாகத்தில். ஆய்வுத் திட்டமோ திருக்காக்கரை வளாகத்தின் வளிமண்டல ரேடார் மையத்தில். 205 மெகாஹெர்ட்சில் இயங்கும் ரேடார் அங்குள்ளது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்கள் ஒரு கட்டடத்தின் கூரைமேல் வயல் நாற்றுப்போல் நிற்கின்றன. கலூரில் மெட்ரோ ஏறினால் ஆறாவது நிலையம் பல்கலைக்கழகம். தென்கிழக்கு அரபிக்கடல்மேல் பருவமழைக் காலத்து மேகங்கள் உயர்ந்து வளர்வது ஏன், அவ்வுயரம் மலைச்சரிவில் குறுகிய நேரத்தில் கொட்டும் மழையாக எவ்வாறு மாறுகிறது என்பதே அவள் கேள்வி. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்ததற்குப் பின்னர் அக்கேள்விக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

சிக்கல் இங்கேதான். ஃபோர்ட் காலின்ஸ் அக்கேள்விக்கு இடம் தந்தது. முதலாண்டு முடிவில் தன் ஆய்வுப்பொருளை அவளே வகுத்துக்கொள்ளலாம் என்றும் பருவமழை மேகங்களில் தமக்கும் ஆர்வம் உண்டு என்றும் அங்குள்ள பேராசிரியர் எழுதியிருந்தார். ஹாம்பர்க்கிலோ பொருள் முன்கூட்டியே முடிவானது: வட அட்லாண்டிக்கின் வணிகக் காற்று மண்டலத்தில் தோன்றும் தாழ்ந்த குவி மேகங்கள். 2020 தொடக்கத்தில் பார்படோசு தீவை மையமாகக் கொண்டு நடந்த பெரும் களஆய்வின் தரவுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பகுக்க ஆள் வேண்டும். உயர்ந்த மேகத்தைப் படிக்க விரும்பியவளுக்குத் தாழ்ந்த மேகம். இதை அவள் தோழியர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டனர். அவளுக்கு அது நகைச்சுவையாக இல்லை.

மாலை நேரத்து மெட்ரோவில் அவள் அந்நாள்களில் வாசித்தது காமேஸ்வர் வாலி எழுதிய சந்திரசேகரின் வரலாறு. அவள் நெறியாளரான டீச்சர் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. "இதில் விடை இருக்காது, ஆனால் நீ தனியாக இல்லை என்று தெரியும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையை நம்மவர் சொல்லும் முறை ஒன்றுண்டு. மயிலாப்பூர்ப் பிள்ளை, மாநிலக் கல்லூரியில் படித்தவர், 19 வயதில் கப்பலில் செல்கையில் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பைக் கணித்தார், 1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அவரை எள்ளி நகையாடினார், மனம் நொந்து அமெரிக்கா சென்றார், 1983இல் நோபல் பரிசு வந்தது. முடிந்தது கதை. ஒவ்வொரு வாக்கியமும் சரி. வாக்கியங்களை இணைக்கும் 'ஆகவே' மட்டும் அவ்வளவு சரியன்று.

எடிங்டனின் ஏளனம் மட்டுமே அவரை அனுப்பவில்லை. டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினர் பதவி அவருக்கு 1933 அக்டோபரில் கிடைத்தது. இராமானுஜனுக்குப் பின் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். அது நான்கு ஆண்டுகளுக்கானது. 1937க்குப் பிறகு கேம்பிரிட்ஜில் அவருக்கு நிலையான இடம் எதுவும் தெரியவில்லை. அதாவது இன்று ஒப்பந்த முடிவுத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கும் எந்த ஆய்வாளரின் நிலையோ, அதே நிலை. இந்தியா திரும்புவது இன்னொரு வழி. தந்தை சுப்பிரமணிய ஐயர் மகன் திரும்ப வேண்டும் என்றே விரும்பினார்; ஆனால் பெங்களூரில் சித்தப்பா சி.வி. இராமனின் நிழலில் போய் அமர்வதை அவரே ஊக்குவிக்கவில்லை. அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த இராமனுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே பூசல் முற்றி, 1937இல் அவர் அப்பதவியை விட நேர்ந்தது. தாயகம் என்றால் திறந்த கதவு என்று எண்ணுவது எக்காலத்திலும் பிழை.

1935 டிசம்பரில் சந்திரசேகர் அமெரிக்கா சென்றது, ஹார்வர்டு வானாய்வகத்தின் ஹார்லோ ஷாப்லி அழைத்ததன்பேரில் சில மாதங்கள் விரிவுரையாற்ற. அங்கிருக்கையில் இரண்டு அழைப்புகள் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. ஹார்வர்டில் மூன்றாண்டு ஆய்வு உறுப்பினர் பதவி ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்துக்குரிய எர்க்ஸ் வானாய்வகத்தில், ஆட்டோ ஸ்ட்ரூவ தந்த ஆய்வுப் பணி மற்றொன்று. ஹார்வர்டின் பெயர் பெரிது. எர்க்ஸோ விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்னும் ஏரிக்கரைச் சிற்றூரில், சிகாகோவிலிருந்தே நெடுந்தொலைவில் இருந்தது. பனிக்காலத்தில் அவ்வூரின் தனிமையைச் சொல்லி முடியாது. தரவரிசைப் பட்டியல் பார்க்கும் எந்த ஆலோசகரும் அவரை அங்கே அனுப்பியிருக்கமாட்டார்.

அவர் எர்க்ஸைத் தேர்ந்தார். ஸ்ட்ரூவ தாமே ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாடிழந்து வந்தவர். அதே காலத்தில் டச்சுக்காரரான கைப்பரையும் டென்மார்க்கின் ஸ்ட்ரோம்கிரெனையும் அங்கே சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பெயரின் ஓரத்தில் இருப்பதைவிட, உருவாகிவரும் ஒரு குழுவின் நடுவில் இருப்பது மேல் என்ற கணக்கு அதில் இருந்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் இருந்துவிட்டு நாடு திரும்பும் எண்ணமும் இருந்தது. 1937இல் பணியேற்றவர் 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் இறக்கும்வரை அப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கவில்லை. 'சில ஆண்டுகள்' என்ற சொல்லை அயல்நாடு செல்வோர் அனைவரும் ஆள்கின்றனர். அதன் அகராதிப் பொருளை எவரும் எழுதி வைத்ததில்லை.

அந்த நாடும் அவரை வாசலில் நின்று வரவேற்ற நாடன்று. 1917ஆம் ஆண்டின் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைக் குடியேற்றத்துக்கு விலக்கப்பட்ட மண்டலமாக்கியிருந்தது. ஆசிரியர், மதகுரு போன்ற சில தொழிலினருக்கே விதிவிலக்கு. இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றோர் என்று 1923இல் பகத்சிங் திந்த் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தடை நீங்கியது 1946இல்தான். சிகாகோ வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதற்குப் புலத் தலைவர் ஒருவர் நிறத்தை முன்னிட்டுத் தடை சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதைத் தள்ளினார். ஹட்சின்ஸ் அவ்விடத்தில் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் ஒரு நாட்டைத் தேர்வது என்பது பெரும்பாலும் அந்நாட்டில் அப்போதிருக்கும் இரண்டு மூன்று மனிதர்களைத் தேர்வதே என்பதை அது காட்டுகிறது. அவர் 1953இல் அமெரிக்கக் குடியுரிமை ஏற்றதைத் தந்தையால் எளிதில் ஏற்க முடியவில்லை.

அவள் மெட்ரோவில் நின்றபடி இதை வாசித்தது 2025 ஏப்ரலின் முதல் வாரங்களில். அன்றாடச் செய்தியும் நூலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் அயல்நாட்டு மாணவர் பதிவுகள் காரணம் சொல்லப்படாமல் நீக்கப்படுவதாக நாள்தோறும் செய்திகள் வந்தன; சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட இடங்களைக் குறைத்தன; தந்த இடங்களைத் திரும்பப் பெற்ற நிகழ்வுகளும் இருந்தன. பிப்ரவரி இறுதியில் அந்நாட்டுக் கடல்சார் வளிமண்டல நிறுவனமான நோவாவில் நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஏப்ரல் 11 அன்று வெளியான செய்தி இன்னும் நெருங்கியது. நோவாவின் ஆய்வுப் பிரிவையே கலைத்துவிடும் வரவுசெலவு முன்மொழிவு அது. ஃபோர்ட் காலின்ஸில் நோவாவுடன் இணைந்தியங்கும் ஆய்வு நிறுவனம் ஒன்று உள்ளது. முன்மொழிவு வேறு, சட்டம் வேறு. நாடாளுமன்றம் அதை ஏற்கலாம், தள்ளலாம். ஆனால் ஐந்தாண்டுக்குப் பெட்டி கட்டுபவள் அவ்வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம்?

நூலில் அவளை வேறொன்றும் உறுத்திற்று. 1936 செப்டம்பரில் திருச்சானூரில் சந்திரசேகருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் லலிதா துரைசாமி, மாநிலக் கல்லூரியில் அவருடன் பயின்ற காலத்திலேயே அறிமுகமானவர், இயற்பியல் படித்தவர். அதே டிசம்பரில் இருவரும் அந்தப் பனியூரில் இறங்கினர். ஹார்வர்டா எர்க்ஸா என்னும் கணக்கு கடிதங்களில் வரிவரியாகப் பதிவாகியுள்ளது. லலிதா விட்ட இயற்பியலுக்கு அப்படியொரு கணக்கு எங்கும் இல்லை. அவர் 102 வயதுவரை வாழ்ந்து 2013இல் மறைந்தார். தம் வாழ்வில் குறையில்லை என்றே அவர் எண்ணியிருக்கலாம். அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. எனினும் பெண்ணொருத்தி இந்நூலை வாசிக்கும்போது கண் நிற்கும் இடம் ஆண் வாசிக்கும்போது நிற்கும் இடமன்று.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் அன்னா மணியின் பெயரை எடுத்தார். பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர்; அதே மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் இராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் நிறமாலையை ஆராய்ந்தவர். ஐந்து கட்டுரைகள், ஓர் ஆய்வேடு. முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் 1945இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. மேற்படிப்புக்கு இயற்பியலையே நாடினார். கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளுக்கானது. இலண்டனுக்குச் சென்றார், 1948இல் திரும்பிப் புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார், அயல்நாட்டிலிருந்து இறக்குமதியாகிவந்த கருவிகளை இங்கேயே செய்யவும் அளவுப் பிழை நீக்கவும் ஒரு தலைமுறையையே பழக்கினார். சந்திரசேகருக்கு முன் இரண்டு கடிதங்கள் இருந்தன. அன்னா மணிக்கு ஒன்றே இருந்தது. அதுவும் அவர் கேட்டதன்று. அந்த ஆய்வேடு இன்றும் பட்டமின்றி இராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் இருக்கிறது.

"அதற்காக நீயும் கேட்காததை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை" என்று டீச்சர் உடனே சேர்த்தார். நெறியாளர்கள் இவ்வாறு சொல்வது அரிது. பெரும்பாலோர் தாம் போன வழியையே நல்வழி என்பர்.

விஷுவும் தமிழ்ப் புத்தாண்டும் அந்த ஏப்ரல் 14 அன்று ஒன்றாக வந்தன. வீட்டில் இரண்டும் உண்டு. காலையில் உருளிக்குள் கொன்றைப்பூவும் வெள்ளரியும் கண்ணாடியும் வைத்துக் கணி. மதியம் வேப்பம்பூப் பச்சடி. பாட்டி வெளியிலிருந்து வந்திருந்தார். உண்டபின் தந்தை, இரண்டு ஊர்களைப் பற்றியும் சொல்லும்படி கேட்டார். அவள் ஊதியம், ஆண்டு, விசா எனத் தொடங்கினாள். அவர் கையமர்த்தி, "அதெல்லாம் உனக்குத் தெரியும் பாப்பா. அந்த ஊர்ல வெயில் எப்படி, அதைச் சொல்லு" என்றார்.

ஃபோர்ட் காலின்ஸ் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், ராக்கி மலையின் கிழக்கடியில், வறண்ட காற்றும் மிகுந்த வெயிலும் உள்ள ஊர் என்றாள். ஹாம்பர்க்கில் ஆண்டு முழுவதும் தூறல், சாம்பல் வானம், குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டு என்றாள். தந்தையும் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தனர். அவர்கள் தீர்ப்பு நொடியில் வந்தது: துணி காயும் ஊருக்குப் போ. எல்லோரும் சிரித்தனர். தாய் மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டார். ஒன்று ஐந்து, மற்றொன்று மூன்று. இடையில் வந்து போகலாமா? ஹாம்பர்க்கிலிருந்து வரலாம். அமெரிக்காவிலிருந்தும் வரலாம், ஆனால் வந்தால் திரும்பப் போகவிடுவார்களா என்பதை இந்த ஆண்டு யாரும் உறுதி சொல்லவில்லை. தாய் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவது நின்று ஓராண்டாகிறது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே அவள் இரவெல்லாம் உறங்காததற்குக் காரணம்.

அன்றிரவு அவள் ஒரு காரியம் செய்தாள். ஃபோர்ட் காலின்ஸ் பேராசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேட்டாள்: இரண்டாம், மூன்றாம் ஆண்டு ஊதியம் எந்த மானியத்திலிருந்து வரும்? அம்மானியம் நின்றால் துறை பொறுப்பேற்குமா? நம் மாணவர் இவ்வாறு கேட்க அஞ்சுவர். கேட்டால் இடம் போய்விடும் என்று எண்ணுவர். கேட்டதற்காக இடத்தைப் பறிக்கும் நெறியாளரிடம் ஐந்தாண்டு இருப்பது எப்படி என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

விடை காலையில் வந்திருந்தது. அங்கே அது மாலை. நேர்மையான கடிதம். முதலாண்டு உறுதி, இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் உறுதி, மூன்றாம் ஆண்டுக்கான விண்ணப்பம் இந்நிலையில் என்னவாகும் என்று தமக்குத் தெரியவில்லை. துறை இயன்றதைச் செய்யும், வாக்குத் தர இயலாது. 'நீங்கள் வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் என் மகளாக இருந்தால் இதை மறைக்கமாட்டேன் என்பதால் எழுதுகிறேன்' என்ற பொருளில் முடித்திருந்தார். இத்தகைய மனிதரிடம் பணிபுரியத்தான் அவள் விரும்பினாள். அவரது அந்த நேர்மையே அவளை அவரிடமிருந்து விலக்கிற்று.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் மாடியறையில் இருந்தாள். கீழே தேய்ப்புப் பெட்டியின் கரி வாசமும் நீர் தெளிக்கும் ஓசையும். நொவேனாவுக்கு வந்த ஒருவர் அவசரமாக ஒரு சட்டையைத் தேய்க்கக் கொடுத்து, நின்றபடியே வாங்கிச் சென்றார். மாலை ஆறு மணிக்குமேல் மறுப்பை ஃபோர்ட் காலின்ஸுக்கும் ஒப்புதலை ஹாம்பர்க்குக்கும் அனுப்பினாள். மறுப்பை முதலில் அனுப்பினாள். மாற்றி அனுப்பியிருந்தால் மனம் மாறியிருக்கும் என்று பின்னர் டீச்சரிடம் சொன்னாள்.

கீழே வந்து சொன்னபோது தந்தை பெட்டியை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, "தூறல் ஊரா?" என்றார். ஆம் என்றாள். "அப்ப உள்ளேயே காயப்போடணும். கயிறு நான் முறுக்கித் தரேன்" என்றார். தாய்க்கு மூன்று என்ற எண் மட்டும் போதுமானதாக இருந்தது. அந்த மூன்று நான்காகலாம் என்பதை அவள் அன்று சொல்லவில்லை. ஜெர்மானியத் திட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான். மூன்றாண்டு ஊதியமும் நான்காண்டு ஆய்வேடும்.

பொருள் குறித்த மனக்குறை தீரவில்லை. தாழ்ந்த மேகங்களைப் பற்றிய கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். காலநிலை மாதிரிகளில் மிகப் பெரிய ஐயத்துக்கு இடமானவை அவையே என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரிவது வேறு, விரும்புவது வேறு. அரபிக்கடல் மேகங்களின் ரேடார்த் தரவை உடன் கொண்டுசெல்ல டீச்சர் இசைந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் வேலை செய்வேன் என்கிறாள். முதலாண்டு ஆய்வாளர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அப்படித்தான் சொல்வர்.

ஹாம்பர்க் அனுப்பிய ஒப்பந்தத்தில் பணியேற்பு செப்டம்பர் 1 என இருந்தது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதிவரை நீளும். ரேடாரில் இந்தப் பருவத்தின் பதிவு பாதியில் நிற்கும். ஒரு மாதம் தள்ளித் தர இயலுமா என்று எழுதினாள், காரணத்தையும் சொல்லி. இரண்டு நாளில் விடை வந்தது. திருத்திய ஒப்பந்தத்தில் தேதி அக்டோபர் 1.